இறால் தலைக்குக் காவலிருந்தவர்

கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஏறி வந்தவர்களில், அடுத்தவர் வாய்க்குப் போன இறால் தலையைக் கையோடு பிடித்து நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் இறால் சார்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கீழே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின், ஒரு மைக்ராஸ்கோப்போடு மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊரில் குடியேறினார். வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்த எனக்குப் பக்கத்து வீடு. நானும் தனிக்கட்டை.

இறால் செம்பை எங்கே வைத்துக்கொள்கிறது என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. அதன் ரத்தத்திலேயே செம்பு உண்டு, அதனால்தான் நீலம் என்பார். தேவைக்கு மேல் வருவதைத் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி வாங்கிக்கொள்ளும். அங்கே ஒரு புரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் பொடிமணிகளாகக் கட்டிக் கிடக்கும். இதை டீக்கடை, முடிவெட்டும் கடை என்று ஓர் இடம் விடாமல் சொன்னார். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் நாமக்கல் வரை காலியாகவே போகும்.

எங்கள் இருவருக்கும் வீடு வாடகைக்கு விட்டிருந்த செல்லப்பன், மிளகுக்கொடி வாடாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார். அடித்த டிரம்மை எல்லாரையும் போல ஓடையில் கழுவுவார். மயில்துத்தம் என்றாலே செம்பு ஆயிற்றே. சார் ஓடைக்கரையில் குடையோடு காவல் உட்கார்ந்தார். அதையும் பொறுத்துக்கொண்ட செல்லப்பன், ஓடை இறாலைக் குழம்பு வைத்து எங்களைக் களி சாப்பிட அழைத்தார். அவர் ஒரு தலையை உறிஞ்சப் போனபோதுதான் சார் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தலை வேண்டாமுங்க. நீங்க கழுவுன டிரம்மு அதுக்குள்ளதான் இருக்குது."

"ஏனுங்க சார், எங்க ஊட்டுல நான் நிம்மதியா சோறு திங்கக் கூடாதுங்களா?"

அன்றோடு சாரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். அந்த ஒரு வேளைதான் அவர் ஆளோடு உட்கார்ந்து சாப்பிடுவது. எனக்குச் செம்புக் கதை மனப்பாடமாகி, காதும் புளித்துப்போயிற்று. ஒரு ஞாயிறு கதவைத் தாழிட்டு, டிவியை அணைத்துவிட்டு, திருடனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு தரம் தட்டினார். "இருக்கீங்களா? இன்னைக்குச் செம்பு பத்திப் பேச மாட்டேனுங்க."

அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்தேன். பிறகு திறந்து பார்த்தால் வாசற்படியில் ஒரு தூக்குவாளி. உள்ளே இறால் வறுவல், ஒன்றுவிடாமல் தலை நீக்கியது, இரண்டு பேருக்குப் போதும். மூடிமேல் அவருடைய தட்டு. எனக்கு வெட்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சார் சொன்ன சொல் தவறவில்லை, குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அந்தச் செம்பு கடைசியில எங்க போய்ச் சேருதுன்னு சொன்னீங்க?" என்றேன்.

கையைக்கூடக் கழுவாமல் ஒரு மணி நேரம் சொன்னார்.

பிறகு எனக்குச் சேலத்துக்கு மாற்றல். போன வருடம் சார் காலமானதைச் செல்லப்பன்தான் போனில் சொன்னார். டிரம்மை இப்போது பலாமரத்தடியில் கழுவுகிறாராம். ஓடைக்குக் கொண்டுபோக மனசு வரவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இறால் வாங்கித் தலையோடு சமைக்கிறேன். ஒரு தலையை எடுத்து வாய்வரை கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். கையைப் பிடிக்கத்தான் ஆளில்லை.