முதுகில் ஏறிய பூனை

"அந்தச் சுவரைப் பார்க்காதீங்க" என்று மனைவி உதடு அசையாமல் சொன்னாள்.

"எந்தச் சுவரை?" என்றார் கண்ணாடிக்காரர், அந்தச் சுவரைப் பார்த்தபடியே.

"இப்ப பார்க்கறீங்களே, அதைத்தான்."

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதித்தே தலை நரைத்தவர். இன்றைக்கு அவருடைய கண்தான் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது.

விஷயம் சாதாரணமானதல்ல. அவருடைய மகளும் இந்த வீட்டுப் பையனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்வது என்று அவர்களாகவே தீர்மானித்துவிட்டார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. மூன்று தலைகள் ஆடிவிட்டன. ஆடாத தலை பையனுடைய அப்பாவின் தலை. அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

போன வாரம் ஹெட்மாஸ்டர் குடும்பம் பெண் வீட்டுக்கு வந்திருந்தது. வந்தவர்களோடு நாலு வார்த்தை பேசினோம், அனுப்பிவைத்தோம் என்றில்லாமல், கண்ணாடிக்காரர் அவரைத் தன் காலண்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். சோப்பு கம்பெனி, தைலக் கம்பெனி, சைக்கிள் டயர் கம்பெனி, பேட்டரி கம்பெனி என்று அந்தக் காலத்தில் கடைகளில் இலவசமாகக் கொடுத்த படக் காலண்டர்களெல்லாம் அங்கே கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டி விளக்கினார். ஹெட்மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் போன் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன்."

"மனுஷன் யோசிக்காம என்ன பண்ணுவாரு? பொண்ணோட அப்பாவுக்கு மறை கழண்டிருக்குன்னு நேர்லயே காட்டிட்டீங்க" என்றாள் மனைவி.

அதனால் இன்று கிளம்பும்போதே சத்தியம் வாங்கிவிட்டாள். 'காலண்டர்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே கூடாது. இன்றைக்கு என்ன தேதி என்று தெரியவேண்டுமென்றால்கூட அவளைத்தான் கேட்கவேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் இந்த வீட்டு ஹாலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அது தொங்கும் என்று யார் கண்டது?

நூல் கம்பெனி காலண்டர். சிவப்பு நூற்கண்டில் சிக்கிக்கொண்டு முழிக்கும் வெள்ளைப் பூனை. அதை விடுவிப்பதற்காகக் கத்தரிக்கோலோடு குனிந்திருக்கும் சிறுமி. மேலே தகரப் பட்டை, கீழே கிழித்து முடிந்த தேதிக் கட்டையின் அட்டை.

சின்ன வயதில் அம்மாவின் தையல் மிஷினுக்கு மேலே இதே காலண்டர்தான் தொங்கியது. கத்தரிக்கோல் நூலை வெட்டுமா, பூனையின் காதை வெட்டுமா என்று ஒரு வருஷம் முழுக்க அவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பார். காது இருக்கும். அப்புறம்தான் பல் தேய்ப்பார். வருஷக் கடைசியில் அப்பா அதைக் கழற்றி அவருடைய கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். பூனை எப்படி இருக்கிறதோ என்று பையன் அட்டையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் அந்த வருஷம் கணக்கில் ஃபெயில்.

பெரியவரானதும் பழைய பேப்பர் கடை, அச்சகத்துப் பரண், பூட்டிக் கிடந்த மளிகைக் கடை என்று அவர் ஏறி இறங்காத இடமில்லை. எது எதுவோ கிடைத்தது, பூனை கிடைக்கவில்லை.

அந்தப் பூனை இப்போது ஹெட்மாஸ்டருடைய நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது.

உள்ளேயிருந்து ஹெட்மாஸ்டர் வந்து அந்த நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் சட்டென்று தரையைப் பார்த்தார்.

"கடையெல்லாம் எப்படிப் போகுது சார்?"

"நல்லாப் போகுது சார்" என்றார் தரையிடம்.

"என்ன சார், என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறீங்க?"

மனைவி முழங்கையால் இடித்தாள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கத்தான் நினைத்தார். கண் முகத்தில் நிற்காமல் நெற்றியில் ஏறி, தலையைத் தாண்டி, பூனையிடம் போய் நின்றது. அங்கேயே தங்கிவிட்டது.

ஹெட்மாஸ்டருக்கு உச்சியில் முடி கிடையாது. காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, குறுக்கே இழுத்துப் படியவைத்திருந்தார். அந்த ஏற்பாட்டை வெளியாள் ஒருவர் இப்படி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது அவர் சர்வீஸில் நடந்ததில்லை. கையால் தலையைத் தடவினார். மறுபடியும் தடவினார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, சீப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பெரிய மனுஷரோட வழுக்கையையா அப்படி உத்துப் பார்ப்பீங்க?" என்று சீறினாள் மனைவி.

"வழுக்கையை யாரு பார்த்தா?"

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள். அவள் குரலில் கண்ணீர் கலந்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாள்பா."

பையனுடைய அம்மா நல்லவர். எலும்பு டாக்டர். நிலைமை எங்கேயோ சுளுக்கிக்கொண்டது என்று புரிந்து, "வாங்களேன், மொட்டைமாடியில செடியெல்லாம் வச்சிருக்கேன், பார்க்கலாம்" என்று எல்லோரையும் கிளப்பினார். மகளும் மனைவியும் பையனும் மாடிப்படி ஏறினார்கள்.

"எனக்குக் கடையில இருந்து ஒரு போன் வரணும். நீங்க போங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

ஹால் காலியானது. அவரும் பூனையும்.

ஒரே ஒரு தடவை கிட்டே போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்ப்பது பாவமா? போய்ப் பார்த்தார். காது முழுசாக இருந்தது. கத்தரிக்கோல் அன்றைக்கு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எந்த அச்சகத்தில் அடித்தார்கள் என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிக்கக் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கினார்.

ஆணி கையோடு வந்தது. ஆணியோடு சுவரும் வந்தது.

ஈரம் ஊறிய சுவர் அது. காலண்டர் அவர் மார்பில் விழ, பின்னாலேயே காரை பொலபொலவென்று கொட்டியது. தலையில் கொஞ்சம், ஹெட்மாஸ்டருடைய நாற்காலி மெத்தையில் மிச்சம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.

பதறிப்போய் ஆணியைத் திரும்ப அதே இடத்தில் வைத்து அழுத்தினார். பள்ளம் சாப்பாட்டுத் தட்டு அகலமானது. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். ஆணி சுவருக்குள்ளேயே போய் எங்கோ மறைந்துவிட்டது.

நாற்காலி மெத்தையைப் புரட்டிப் போட்டார். அந்தப் பக்கம் எப்போதோ மை கொட்டிய கறை இருந்தது. திரும்பவும் புரட்டினார். காரை இப்போது தரையெங்கும் பரவியது. காலால் அதைச் சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம்.

காலண்டரை எங்கே வைப்பது? சோபாவுக்குப் பின்னால் செருகினால் மடிந்துவிடும். சுருட்டினால் பழைய காகிதம், வெடித்துவிடும். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த பூனையைத் தன் கையாலேயே கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மடியாமல், சுருங்காமல் நட்டமாக நிற்பது அந்த ஹாலில் ஒன்றுதான் இருந்தது. அவருடைய முதுகு.

சட்டைக்குள் செருகிக்கொண்டார். தகரப் பட்டை பிடரியில் சில்லென்று பட்டது. சுவரின் பள்ளத்தை மறைக்க, நாற்காலிக்குப் பின்னால் நுழைந்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் முடியை இன்னும் அழுத்தி வாரியிருந்தார்.

"என் நாற்காலிக்குப் பின்னாடி என்ன பண்றீங்க சார்?"

"சுவர் நல்லா குளிர்ச்சியா இருக்கு சார். சாஞ்சு நிக்கச் சுகமா இருக்கு."

"தலையில என்ன, வெள்ளையா?"

"வயசாயிடுச்சு சார்."

"வந்து உட்காருங்க. டீ ஆறுது."

"நின்னுக்கிட்டே குடிக்கறேன்."

டீ கப்பை வாங்கக் கை நீட்டியபோது முதுகு வளையவில்லை. பலகையில் ஆணி அடித்த மாதிரி நின்றார். பையன்தான் அருகில் வந்து கப்பைக் கையில் வைத்தான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனைவிக்கு உடம்பெல்லாம் கூசியது. காலண்டரைப் பார்த்துவிடாமல் இருக்கத்தான் மனுஷன் அந்தச் சுவருக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அவள் நினைத்தாள். பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு. கை கொடுக்கவேண்டியது மனைவியின் கடமையல்லவா?

"அவருக்கு முதுகு வலி" என்றாள். "சுவர்ல சாஞ்சாத்தான் சரியாகும்."

எலும்பு டாக்டர் தன் கப்பைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப வருஷமா" என்றாள் மனைவி.

"இப்பத்தான்" என்றார் கணவர், அதே நேரத்தில்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? டாக்டர் வீட்டுக்கு வந்துட்டு வலியோட நிப்பாங்களா? இங்க வாங்க."

"வேண்டாம் டாக்டர். சாப்பிட்டதும் சரியாயிடும்."

"முதுகு வலி எங்கேயாவது சாப்பிட்டதும் சரியாகுமா? வாங்கன்னா வாங்க."

வாழ்நாளெல்லாம் இடம் மாறிய எலும்புகளை இழுத்து உட்காரவைத்த கை அது. கண்ணாடிக்காரரைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்துத் திருப்பி நிறுத்தி, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தியது.

சரக்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. கொஞ்சம் கீழே அழுத்தினார்.

மொர மொர.

"மூச்சை நல்லா இழுங்க."

இழுக்காமலிருந்தால் செத்துப்போவார். இழுத்தார். காலருக்கு மேலே தகரப் பட்டை மெல்லத் தலையை நீட்டியது.

டாக்டர் அதை விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். டிங் என்றது.

"இந்த இடத்துல மனுஷனுக்குத் தகரத்துல எலும்பு கிடையாதே" என்றார் அமைதியாக.

அதே சமயம் ஹெட்மாஸ்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. காலண்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் பட்டையைப் பிடித்து இழுத்தார். சிறுமியும் கத்தரிக்கோலும் பூனையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தார்கள்.

"பூனைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். கேட்ட பிறகுதான் மகளைப் பார்த்தார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பையனிடமிருந்து கொஞ்சம் விலகி, தனியாக நின்றாள். இனிமேல் இந்த வீட்டில் தனக்கு நிற்க இடமில்லை என்பது போல. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுதான் சார். ஆணி கழண்டு விழுந்துச்சு, பயத்துல ஒளிச்சுட்டேன். கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதீங்க, வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போயிடறேன். ஆனா பழியை என் பொண்ணு மேல போட்டுடாதீங்க. பஸ்ல கிடந்த குடையைக்கூட, உடையவங்க யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டு வந்தவ அவ."

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார். பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பது போல நின்றார்.

"ஒரு காலண்டர்! கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா? பக்கத்துப் பையனோட பென்சிலை எடுத்தவனை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சவன் சார் நான். விருந்தாளியா ஒரு வீட்டுக்குள்ள வந்து, அவங்க கொடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே, அவங்க பொருளைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கறதுக்கு ஒரு மனசு வேணும். அந்த மனசு எனக்குப் புரியலை. சத்தியமாப் புரியலை. இப்படிப்பட்ட வீட்டுல சம்பந்தம் வச்சுக்கிட்டா நாளைக்கு நான் ஊருக்குள்ள எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?"

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்தார். இப்போது முதுகு நன்றாகவே வளைந்தது.

எலும்பு டாக்டர் மட்டும் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தார். அதைக் காதருகே கொண்டுபோய் லேசாக அசைத்தார். சரக் என்றது. இன்னொரு முறை அசைத்துக் கேட்டுவிட்டு, தன் கணவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க உட்காருங்க சம்பந்தி. போன வாரம் உங்க வீட்டுல இருந்து திரும்பும்போது, கார்ல வழி முழுக்க இவர் முதுகுலயும் இதே சத்தம்தான் கேட்டுச்சு."