இருபத்தஞ்சு சார்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். அச்சில் போடுகிறவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டாபிராமிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள கொசுக்கள் அத்தனையும் ஒன்றுகூடி வந்தாலும், இருபத்தஞ்சு சார் என்னைப் பிடுங்கிய அளவுக்கு ஒரு மனிதனைப் பிடுங்க முடியாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வீட்டு வாசலில் கல்லில்கூடச் செதுக்கி வைத்திருக்கிறார். ஆனால் கூரியர்காரப் பையனே என் கடைக்கு வந்து, "அண்ணாத்தே, இருபத்தஞ்சு ஊடு எது?" என்றுதான் கேட்பான்.

ரயில்வே கேட் பக்கம் எனக்கு ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவேன், பிரேக் பார்ப்பேன், காற்றடிப்பேன். சார் ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, அளவு பார்க்கிற இன்ஸ்பெக்டர். செய்து வந்த இரும்புத் துண்டை கேஜ் என்ற அளவு அச்சுக்குள் விட்டுப் பார்ப்பார். உள்ளே போனால் பாஸ், போகாவிட்டால் கழிவு. 'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே அங்கே கிடையாது. ஓய்வு பெற்ற அன்று மாலையையும் சால்வையையும் வாங்கிக்கொண்டு வந்தவர், அந்த கேஜையும் மனசுக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டார். ஒருநாள் என் மனைவி செல்வி மரியாதைக்கு நாலு இட்லி கொடுத்தாள். தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு ஒரு பக்கம் தூக்கிட்டு இருக்கே தாயி" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு இட்லி இல்லை.

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார், ஒரு கையால் தூக்கிவிடலாம். மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளும் பேட்டரி வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள்ளும் ஒளிந்திருக்கும். நாம் மிதித்தால் அதுவும் கூடச் சேர்ந்து தள்ளும். மிதிக்காவிட்டால் அதுவும் சும்மா இருக்கும். நல்ல வண்டிதான். ஆனால் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவியை நிறுத்திக்கொள்ளும். சட்டம் அப்படி. அதற்கு மேலும் மோட்டார் தள்ளினால் அது சைக்கிள் கணக்கில் வராது. நம்பர் பிளேட், லைசென்ஸ் எல்லாம் வேண்டும்.

என் தலைவலி ஆரம்பித்தது இங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஐ.டி.யில் வேலை செய்யும் அபார்ட்மென்ட் பிள்ளைகள் என் கடை வாசலில் கூடுவார்கள். காற்று சரிபார்த்துக்கொண்டு வெளிவட்டச் சாலை வழியாக வெள்ளானூர் பக்கம் ஒரு டீக்கடை வரை போய்த் திரும்புவார்கள். கார்த்திக் என்ற மதுரைப் பையன்தான் தலைவன். சாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் மோட்டார் இல்லாத அந்தப் பிள்ளைகள் வெறும் காலாலேயே முப்பதில் பறப்பார்கள். சார் வண்டி இருபத்தைந்தில் கைவிட்டுவிடும். அவர் டீக்கடையை அடையும்போது அவர்கள் குடித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவருக்காக வாங்கி வைத்த டீ ஏடு கட்டிக் கிடக்கும்.

"எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம்டே" என்றார் என்னிடம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வருஷம் ஆவடியில் இருந்தும் பேச்சில் அது போகவில்லை. "அவனுவ டீ குடிக்கும்போது நானும் ஒரு டீ சூடா குடிக்கணும். அவ்வளவுதான். வெளிநாட்டுல சில இடத்துல முப்பத்திரண்டு வரைக்கும் விடுதானுவ. இங்கயும் இந்த மாதிரி எடை கொறஞ்ச வண்டிக்கு மட்டும் முப்பத்திரண்டுன்னு ஆக்கினா என்ன கெட்டுப்போச்சு?"

என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? நான் காற்றடிக்கிறவன்.

கார்த்திக் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னான். "சார், போனை எடுங்க. ஒரு ஆப் இருக்கு, லிமிட்டைத் தூக்கிவிட்டுரலாம். எவனுக்கும் தெரியாது."

சார் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. "ஏல, என்ன பேச்சு பேசுத? கேஜுல போகலைன்னா கேஜை அரத்தால ராவுவியாலே? சட்டத்தை மாத்தச் சொல்லுதேன். வண்டியை மாத்தச் சொல்லலை."

அன்றிலிருந்து சட்டத்தை மாற்ற அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர் எதிரில் வண்டியை நிறுத்தி, "சார், இது இருபத்தஞ்சுக்கு மேல போக மாட்டேங்குது" என்று புகார் கொடுத்தார். காவலர் வெயிலில் கருகிப் போயிருந்தார். "பெருசு, வேகமா போறவன புடிக்கத்தான் என்னிய நிக்க வெச்சிகீறாங்க. நீ மெதுவா போறேன்னு வந்து நிக்கிறியே, உன்னிய நான் இன்னா செய்யட்டும்?" என்றார். சார் விடவில்லை. சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

தேர்தல் வந்தது. வேட்பாளர் திறந்த ஜீப்பில் எங்கள் தெருவுக்கு வந்தார். ஜனங்கள் தண்ணீர் கேட்டார்கள், மழைநீர்க் கால்வாய் கேட்டார்கள். சார் கூட்டத்துக்குள் நுழைந்து, "முப்பத்திரண்டு" என்றார். வேட்பாளர் என்ன நினைத்தாரோ, கும்பிட்டுவிட்டு, "கண்டிப்பா செஞ்சிடலாம்ப்பா" என்றார். சார் நேராக என் கடைக்கு வந்து காரியம் முடிந்துவிட்டது என்றார். வேட்பாளர் தோற்றுப்போனார். "அவன் அதை எல்லா ஊர்லயும் பேசியிருக்கணும்டே. இங்க மட்டும் பேசினா எப்படி ஜெயிப்பான்?" என்று எனக்கு விளக்கினார்.

என் வியாபாரம் படுத்தது. பஞ்சர் ஒட்ட வருகிறவன் சாரைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவான். அவர் தெருமுனையில் தெரிந்தால் நான் உள்ளே போய்ப் பழைய டயர்களுக்குப் பின்னால் குந்திக்கொள்வேன். ஒருதரம் அங்கேயே வந்து எட்டிப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

பிள்ளைகள் அவருக்காக ஒருநாள் மெதுவாக ஓட்டியும் பார்த்தார்கள். பாதி வழியில் மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "தேறாத துண்டைப் பாவம் பாத்து பாஸ் போடுதியளோ?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, மோட்டார் விட்ட இடத்திலிருந்து தன் காலாலேயே முப்பதைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று மிதித்திருக்கிறார். மேம்பாலத்து ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டலாம், மோட்டார் தள்ளுகிற வேகத்துக்கு மேல் மூச்சைப் பிடித்து மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். மகள் போனில் அழுதாளாம்.

சார் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "இதை மேல மாட்டுடே. எவனாவது கேட்டா கொடுத்துரு" என்றார். முப்பத்திரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டாம் நாளும் பரவாயில்லை. அதற்குப் பிறகு, உத்தரத்தில் தொங்கும் அந்த வண்டிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வது என்னவோ போல் இருந்தது. வாங்கக் கேட்டு வந்த ஒருவரிடம், "பிரேக் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் காற்றடிக்க வந்தவன் மேலே பார்த்தான். "அண்ணே, சார் இனிமே வரவே மாட்டாராண்ணே? டீக்கடையில திட்டுறதுக்கு ஆள் இல்லாம ஒரே போரா இருக்கு."

எனக்குச் சொல்ல என்னென்னவோ இருந்தது. பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து செல்வி வந்தாள்.

"இந்தாளு இன்னிக்கு பூரா நின்னாலும் பேசாது, நான் சொல்றேன் கேளு நைனா. அந்தப் பெருசுக்குப் பாவம் பாத்தா புடிக்காது. ரூலுன்னா கட்டுப்படும். அதோட வேகத்த ஏத்த உங்களால முடியாது. உங்க வேகத்த எறக்க முடியும்ல? கவருமெண்ட்டுதான் ரூலு போடணுமா? நீங்களே ஒண்ணு போட்டுகினு போங்களேன்."

கார்த்திக் சிரித்தான். அன்றே அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ரூல் வந்துவிட்டது. டீக்கடை வரை யாரும் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினவனுக்கு அன்று வடை கிடையாது. திரும்பும்போது அவரவர் இஷ்டம். கார்த்திக் சார் வீட்டுக்கே போய், "ரூல் போட்டுட்டோம் சார். பாத்துக்க இன்ஸ்பெக்டர்தான் இல்ல" என்றானாம்.

சாயங்காலம் சார் வந்தார். "வண்டியை எறக்குடே."

இறக்கினேன்.

"எனக்காவத்தான் போட்டிருக்கானுவ. தெரியாமலா இருக்கேன்?" டயரை அழுத்திப் பார்த்தார். "ஆனா ரூல் ரூல்தானே. போட்டாச்சுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அவனுவளை நம்பி விட முடியாது. காத்து அடி."

அடுத்த ஞாயிறு திரும்பி வரும்போது என் கடையில் நின்றார். வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். நுனி சிவந்திருந்தது.

"என்ன சார்?"

"டீ என்னமா கொதிக்குதுடே. நாக்கு வெந்துபோச்சு. ஒருத்தனாவது ஆத்திக் குடிக்கச் சொன்னானா?" என்று அரைமணி நேரம் புகார் சொன்னார். அவர் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தொந்தரவு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இப்போது பிள்ளைகள் பின்னால் போய், "இருபத்தாறு. ஏல, இருபத்தாறு, வடை போச்சு" என்று கத்துகிறார். கார்த்திக் வடை சாப்பிட்டுப் பல வாரம் ஆகிறது. அரசாங்கம் முப்பத்திரண்டு ஆக்கட்டும், குழுவின் ரூலை மறுநாளே மாற்றிவிடலாம் என்கிறார். அதுவரை தினமும் என் கடையில் பேச்சு நடக்கிறது.

நடந்தது என்று சொல்ல வேண்டும். மகளுக்குப் பிரசவம் என்று கோயம்புத்தூர் போயிருக்கிறார். வர ஒரு மாதம் ஆகுமாம். அதனால்தான் இதை எழுத எனக்கு நேரம் கிடைத்தது. டயர்களுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. கடை அமைதியாக இருக்கிறது. கொஞ்சம்கூட நன்றாக இல்லை.

புரட்டாசி, இரண்டாம் ஞாயிறு.