மருமகன் என்னைக் கேளாமல் எடுத்த கைத்துப்பாக்கி

வைலே,
18 நவம்பர் 1986, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் குணசேகரம் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையினால் இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதே முறை. உமது அக்கா தவமணி நலம். மகள் இன்பமலர் நலம். மருமகன் நேசராஜா தேவைக்கு மேல் நலம். என்னுடைய நலத்தைப் பற்றி எழுத இக்கடிதத்தின் மீதி முழுவதும் வேண்டியிருப்பதால் அதை இந்த இடத்தில் சுருக்க விரும்பவில்லை. நீரும் சுசீலாதேவியும் கோப்பன்ஹேகனுக்கு அருகே இஷொயில் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். உமது ஒக்டோபர் 27ஆந் திகதிய கடிதம் 30ஆந் திகதி வந்து சேர்ந்தது. 27ஆந் திகதி எழுதிய கடிதத்தில் 28ஆந் திகதி பெய்த மழையைப் பற்றி நீர் எவ்வாறு எழுதினீர் என்பதை நான் கவனிக்காமலில்லை. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

எதிர்வரும் 22ஆந் திகதி சனிக்கிழமை நான் இந்த வீட்டைவிட்டுப் புறப்படுகிறேன். அன்று பிற்பகல், கப்பலுக்குள் ஏறி இறங்கி வருகிற அந்தப் புகையிரதத்தில் கோப்பன்ஹேகன் பிரதான நிலையத்துக்கு வந்து சேருவேன். நீர் அங்கு வந்து என்னை அழைத்துச் சென்று, உமது வீட்டில் ஒரு கட்டில் போடுமளவுக்கு இடந்தர வேண்டும். என்ன நடந்தது என்று கேட்பீர். கைத்துப்பாக்கிதான் நடந்தது. பதற வேண்டாம், யாருக்கும் காயமில்லை, என்னைத் தவிர. என்னுடையதும் வைத்தியரிடம் காட்டக்கூடிய காயமல்ல.

சென்ற செப்டெம்பர் மாதம் நகரசபையிலிருந்து வந்த ஒரு பெண்மணி, இந்த நாட்டில் ஒட்டி வாழ வேண்டுமானால் ஏதாவதொரு சங்கத்தில் சேர வேண்டும் என்று நேசராஜாவுக்குப் புத்தி சொன்னார். இங்கே நாலு பேர் சேர்ந்து தும்மினாலும் அதற்கொரு சங்கம், ஒரு தலைவர், ஒரு செயலாளர், கோப்பி, கேக் எல்லாம் உண்டென்பது உமக்குத் தெரியும். எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்த பொடியன்கள் பந்தடிக்கச் சேர்ந்தார்கள். பாலசிங்கம் புறா வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தார். அவரிடம் புறா இல்லை. நேசராஜா மட்டும், தொழிற்சாலையில் தனக்கு மேலாளாக இருக்கும் யோகன்சன் கூப்பிட்டார் என்று கைத்துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். அது நடப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில்! மேலே பிள்ளைகள் வாய்பாடு படிக்கிற கட்டடம், கீழே பெரியவர்கள் கடதாசியில் ஓட்டை போடுகிறார்கள். ஓட்டையை எண்ணிவிட்டுக் கோப்பி குடிக்கிறார்கள். நான் உடனடியாக ஆட்சேபித்தேன். 1985 சித்திரை மாதம் 23ஆந் திகதி ஊரில் கொடிகாமத்துக்கு அப்பால் பேருந்தை மறித்து, இறக்கி, எங்கள் அத்தனை பேரையும் தார் வீதியில் முகங்குப்புறப் படுக்க வைத்தவர்களின் கையிலிருந்ததும் இதே சாமான்தானே! அந்த வெயிலில் கிடந்தபோது இந்தச் சனியனின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று முடிவெடுத்தவன் நான். அந்த முடிவோடுதான் விமானமேறினேன். அதை இந்த வீட்டில் எல்லோரும் அறிவார்கள். அறிந்துகொண்டேதான், ஒக்டோபர் 14ஆந் திகதி சாப்பாட்டு மேசையில், என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகளின் விளம்பரப் புத்தகங்களை மருமகன் வைத்துவிட்டுப் போனார்.

விடயம் இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சங்கமே துப்பாக்கி இரவல் கொடுக்கும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே இரும்பு அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். அவர்களிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று செருமன்காரர் செய்த வால்தர். மற்றது சுவிஸ்காரர் செய்த ஹெமர்லி. இரண்டிலும் ஒரு தரம் சுட்டால் அடுத்த ரவை தானாகவே வந்து நிற்கும். விசையை மட்டும் ஒவ்வொரு தரமும் நாமே இழுக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து குளிர்காலம் முழுவதும் அதிலேயே பழக வேண்டும் என்பது அவர்களின் ஒழுங்கு. எனக்கு இதில் எவ்வித அக்கறையும் கிடையாது. புத்தகங்கள் என் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தபடியால் கண்ணில் பட்டன. எழுத்துச் சிறிதாயிருந்தபடியால் பூதக்கண்ணாடி எடுத்தேன். மொழி விளங்காதபடியால் இன்பமலரின் அகராதியையும் எடுத்தேன். அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் எந்த மனிதனுக்கும் புரியும், ஹெமர்லியே சிறந்தது. ரவைக்கூடு கைபிடிக்குள் அடக்கமாக இருக்கிறது, நல்ல குடும்பத்துப் பிள்ளை போல. வால்தரோ ரவைக்கூட்டை விசைக்கு முன்னால் வயிறு போலத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அத்தோடு, 1951இல் நான் வாங்கிய சுவிஸ் கைக்கடிகாரம் இன்றும் என் கையில் ஓடுகிறது. கடிகாரம் செய்யத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தூசு.

நீர் எங்கள் வழக்கத்தை அறிவீர். எங்கள் குடும்பத்தில் ஒரு சாமான் வாங்குவதென்றால், அது சைக்கிளோ தையல் இயந்திரமோ, முதலில் பெரியவர்களைக் கேட்பது, பிறகு அந்தச் சாமானை வைத்திருப்பவர்களைப் போய்க் கேட்பது, அதன் பிறகு ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவது. 1949இல் சைக்கிள் வாங்கும்போது ராலியா ஹம்பரா என்று உமது தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் பிரிந்து நின்று, ஒரு பொங்கலும் ஒரு நத்தார்ப் பண்டிகையும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமலிருந்ததை மறந்தீரா? கடைசியில் என்னைக் கூப்பிட்டல்லவா தீர்த்தார்கள்? 1958 ஜூன் 7ஆந் திகதி உமது முதற் கைக்கடிகாரத்தைத் தெரிவு செய்தவன் யார்? ஆகவே, மருமகன் வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கடமை கடமைதான் என்று, நவம்பர் 6ஆந் திகதி வியாழக்கிழமை, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, இன்பமலர் சுட்டுத்தந்த உழுந்து வடைப் பெட்டியுடன் நானே அந்த நிலக்கீழ் அறைக்குப் போனேன்.

மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். சங்கத்தின் செயலாளர் காரன் என்னும் எழுபது வயதுப் பெண்மணி, தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், ஓரளவு ஆங்கிலம் பேசுவார். மேசையில் இரண்டு துப்பாக்கிகளும் கிடந்தன. ஒரு சாமானை எப்படிச் சோதிப்பது? தூக்கிப் பாரம் பார்ப்பது, தட்டிச் சத்தம் கேட்பது, செய்த நாடு பொறித்திருக்கிறதா என்று தேடுவது, நேராயிருக்கிறதா என்று ஒற்றைக்கண்ணால் ஓடப் பார்ப்பது. முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெமர்லியை எடுத்தேன். எழுத்துத் தெரியவில்லை. வெளிச்சத்துக்காக மெல்லத் திரும்பினேன். தம்பி குணசேகரம், நான் திரும்பிய பக்கமெல்லாம் டேனிஷ்காரர் படுத்தார்கள்! ஒருவர் அல்ல, எல்லோரும்! இன்னும் கொஞ்சம் திரும்பினேன், அங்கேயும் படுத்தார்கள். யோகன்சன் வடைப் பெட்டியின் மேலேயே படுத்தார். கொடிகாமத்தில் படுத்தவன் நான். என்னைக் கண்டு பிறர் படுப்பதை அறுபத்தெட்டு வயதில் பார்க்க நேர்ந்தது. எங்கோ மேசைக்கடியிலிருந்து நேசராஜாவின் குரல் மட்டும் வந்தது.

"மாமா, அதைக் கீழ வையுங்கோ! மாமா!"

"இதிலை ஒண்டுமில்லையே, நான் ஒண்டும் போடேல்லையே!" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை, மாமா!"

காரன் அம்மையார் தவழ்ந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். வடை நசிந்துவிட்டது. "நேசராஜாவின் மாமா பயிற்சி எடுக்கட்டும், அல்லது இங்கே வராதிருக்கட்டும்" என்று அவர் சொன்னதாக மருமகன் பிறகு மொழிபெயர்த்தார். வீட்டுக்கு வந்து உமது அக்காவிடம் சொன்னால் ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

9ஆந் திகதி ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது இக்கதை சபை முழுவதும் பரவிவிட்டது. நான் படுக்க வைத்த கதையைவிட, வால்தரா ஹெமர்லியா என்ற கேள்விதான் பெரிதாகிவிட்டது. புறாவில்லாத பாலசிங்கம், "செருமன் சாமான் எண்டால் பிறகென்ன கதை, ஐயா?" என்றார். நான் சுவிஸ் என்றேன். நித்தியானந்தன் என் பக்கம். அவருடைய மனைவி அவர் பக்கம் நிற்கக் கூடாதென்பதற்காகவே செருமன் பக்கம். அங்கு நின்ற எவரும் இரண்டில் ஒன்றைத் தொட்டதில்லை, என்னைத் தவிர. ஆனாலும் தேநீர் முடிவதற்குள் மண்டபத்தின் இடது பக்கம் சுவிஸ், வலது பக்கம் செருமன். சபையில் ஒரு அம்மா கொண்டுவந்த கேக் நடுவில் அநாதையாகக் கிடந்தது. போதகர் வந்து ஜெபம் பண்ணித்தான் கலைத்தார்.

இத்தனைக்குப் பிறகும் நான் வாய் மூடியிருந்தேன். 13ஆந் திகதி வியாழன் நேசராஜா சங்கத்துக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒரு சொல்? ஒரு வார்த்தை? இல்லை. 16ஆந் திகதி ஞாயிறு, ஆலய வாசலில் பாலசிங்கம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மருமகன் நல்ல முடிவெடுத்திட்டார், ஐயா. வால்தர்!"

என் மருமகனின் துப்பாக்கியை, என் வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடும் மருமகனின் துப்பாக்கியை, நான் பாலசிங்கத்தின் வாயால் அறிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"மாமா, நீங்கள்தானே துவக்கின்ர முகத்திலயும் முழிக்கமாட்டன் எண்டனீங்கள்?"

"அது வேற, இது வேற!"

"அப்பா, எது வேற?" என்று இன்பமலர் கேட்டாள். பெற்ற மகள்!

"நான் சனிக்கிழமை தம்பியிட்டைப் போறன்," என்றேன். தவமணி அரிசி களைந்துகொண்டே, "இஞ்சாருங்கோ, போறதெண்டால் அந்தத் தடிச்ச பெனியனையும் எடுத்துக்கொண்டு போங்கோ. நான் வரேல்லை. எனக்கு இஞ்சை வேலையிருக்கு," என்றாள். கலியாணமாகி நாற்பத்தோராவது வருடத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது.

இதுதான் நிலைமை. துப்பாக்கி எனக்குப் பொருட்டல்ல. எந்தத் துப்பாக்கியும் நல்லதல்ல, அதிலும் வால்தர் நல்லதல்ல. ஆனால் கேட்கப்படாத வீட்டில் ஒரு மனிதன் சோறு தின்னலாமா என்பதை நீரே சொல்லும். சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை நிலையத்துக்கு வாரும்.

கர்த்தர் உம்மையும் சுசீலாதேவியையும் குளிரிலிருந்தும் சளியிலிருந்தும் காத்து, கேட்டு நடக்கிற மருமக்களை உமக்கு அருள்வாராக.

இங்ஙனம்,
உமது அன்புள்ள அத்தான்,
சா. ஜெயசிங்கம்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

பி.கு. 21 நவம்பர், வெள்ளிக்கிழமை காலை. முத்திரைகள் நேசராஜாவின் பணப்பையில் இருக்கின்றன. அவருடன் பேசுவதில்லை என்றிருந்தபடியால் கேட்க முடியாமல் இக்கடிதம் தங்கிவிட்டது. இனித் தபாலில் போட்டால் நேரத்துக்குக் கிடைக்காது என்பதால், இன்று கோப்பன்ஹேகன் வரும் எங்கள் சபைப் பொடியன் ஒருவன் இதை உமது கையில் தருவான். நேற்று, வியாழக்கிழமை, முறைப்படி ஆட்சேபம் தெரிவிப்பதற்காக நானே சங்கத்துக்குப் போனேன். காரன் அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுட்டுப் பார்க்காத சாமானைப் பற்றி உமக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது," என்று சொல்லி, ஒரு மணித்தியாலம் எனக்கு ஒழுங்குகளைப் படிப்பித்தார். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டித்தான் கையில் தந்தார். அதன் முகம் எப்போதும் கடதாசியின் பக்கம், மனிதர் பக்கம் ஒருபோதும் இல்லை என்றார். இந்த ஒழுங்கைக் கொடிகாமத்திலும் யாராவது படிப்பித்திருக்கலாம். ஹெமர்லி வேறொருவர் கையிலிருந்தபடியால் வால்தரைத்தான் தந்தார். அளவைக் கருவியில் பார்ப்பது போல இடது கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தேன். மருமகனைவிட ஆறு புள்ளிகள் கூட. ஒரு ரவை பக்கத்தவரின் கடதாசியில் விழுந்தது. அதை அவர் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள நான் ஆட்சேபிக்கவில்லை.

நாளை பக்கத்து ஊர் ஹோர்சன்ஸ் சங்கத்துடன் போட்டி. முதியோர் அணியில் ஒருவருக்குக் காய்ச்சலாம், என்னைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நிலையத்துக்கு வர வேண்டாம். சாரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று. வால்தரின் அந்த முன்வயிறு, பிடித்துப் பார்த்தால், பாரத்தைச் சமப்படுத்துகிறது. படத்தில் அது விளங்காது. இதைக் காரில் வரும்போது மருமகனிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப நீங்கள் வால்தரை வைச்சிருங்கோ, மாமா. நான் ஹெமர்லிக்கு மாறீட்டன். இப்பதான் காரனிட்டைச் சொன்னனான்." மாறீட்டாராம்! மறுபடியும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

நீர் நாளை முதற் புகையிரதத்தில் இங்கு வந்து, பாலசிங்கத்துக்குப் பக்கத்தில், செருமன் பக்கமாக உட்காரும். துப்பாக்கியை யாராவது பார்க்கத் தந்தால் தாராளமாகப் பாரும். எழுத்துத் தெரியவில்லையென்று வெளிச்சத்துக்கு மட்டும் திரும்பிவிடாதேயும். வடை இம்முறையும் கொண்டுபோகிறோம்.