முப்பதாம் நம்பர் நரம்பு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். துரைக்கண்ணு ஆகிய நான், ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி தையல்நாயகி. திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி பச்சைமுத்து, அவன் மனைவி அஞ்சம்மாள். பக்கத்து வீட்டு யூசுப் அலி, அவர் மனைவி சாரா பீவி. சுவரில், மாலை போட்ட படத்தில், எங்கள் ஒரே மகள் சின்னபொண்ணு. அவளைச் சேர்த்து ஏழு என்று எழுதுவதா, விட்டு ஆறு என்று எழுதுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆறு என்று எழுதியிருக்கிறேன். கை கூசுகிறது.

அன்று அவளுக்கு முதல் வருஷப் படையல். எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். பதினேழு வயதில், ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

நான் கூச்சக்காரன். ஐந்தாவது வரைதான் படிப்பு. முப்பத்து மூன்று வருஷம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே தண்டவாளத்தில் நடந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்தது எது என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தவன். எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது. ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கூரை ஓடுகளை எண்ணினேன். ஓடு தீர்ந்ததும் தையல்நாயகி சாப்பிடும் கவளத்தை எண்ண ஆரம்பித்தேன்.

மகள் இருந்தபோது வேளைக்கு இருபதுக்குக் குறையாது. அவள் போனபின் பதினொன்று. சில நாள் ஒன்பது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. இப்படியே போனால் எத்தனை நாள் தாங்கும் என்று மனசுக்குள் ஒரு கழித்தல் போட்டேன். விடையைப் பார்க்கப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

மீன் குழம்பு வைத்தால்தான் எங்கள் வீட்டில் சோறு போதாமல் போகும். அம்மாவுக்கும் மகளுக்கும் ஆற்றுக் கெளுத்தி என்றால் உயிர். மகள் போன நாளிலிருந்து மீன் சட்டி கவிழ்ந்தே கிடந்தது. ஆடி மாதம் ஒரு நாள் தயங்கித் தயங்கி, அரைக் கிலோ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"காசு குடுத்து வாங்கன மீனு இந்த வாசப்படி தாண்டக் கூடாது," என்றாள்.

படிப்பு குறைவுதான். ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிய மீன்தானே கூடாது? பிடித்த மீனுக்கு யார் தடை போட்டார்கள்? அதோடு, செத்தவர்களுக்குப் படைத்ததை வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம் என்று தள்ளக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆகவே என் திட்டம் மூன்றே படி. மீனை நான் பிடிக்க வேண்டும். அது வருஷப் படையல் இலையில் ஏற வேண்டும். அங்கிருந்து தையல்நாயகி வாயில் இறங்க வேண்டும். இத்தனை புத்தி எனக்கு எங்கே இருந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

ஒரே ஒரு குறை. நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை.

அந்த வாரமே யூசுப் அலி தானாக வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், ஆறு வருஷம் சவுதியில், தம்மாமில் இருந்துவிட்டு வந்தவர். கையில் ஒரு கண்ணாடி நார்க் கோல். தூண்டில் கயிறு சுற்றும் ரீல் இரண்டு. சும்மா கிடக்கிறது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடவுளே அனுப்பியதாக நினைத்தேன். அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

கோல் ஏழடி. கட்டை விரல் கனம். வளைத்தால் நான்தான் வளைந்தேன்.

"இது கடலுக்குண்ணே," என்றார் யூசுப் அலி. "ஆத்துக் கெளுத்தி கடிச்சா இதுல தெரியாது. நுனி கொழையணும். ரீலு சின்னது போதும். நரம்பும் மெல்லிசு வேணும், ஆத்து மீனு ரொம்ப கூச்சப்படும்."

மீனுக்கும் எனக்கும் ஒத்துப்போகும் என்று தோன்றியது.

பெரிய ரீல் சொம்பு அளவு. சின்னது கைமுட்டி அளவு. சின்னதை வைத்துக்கொண்டேன். கோலுக்காக முகையூரில் இருந்த பங்காளி ராயப்பன் கொல்லைக்குப் போய், பதினேழு மூங்கிலை வளைத்துப் பார்த்துப் பதினெட்டாவதை வெட்டினேன். ஒன்பதடி. பஸ்ஸுக்கு மேலே கட்டினார்கள். விழுப்புரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் என் கழுத்து மூன்று நாள் திரும்பவில்லை. நரம்பு ஓடுவதற்குக் கோலில் வளையம் வேண்டும். குடைக் கம்பியை வளைத்து ஆறு வளையம் செய்தேன். குடை தையல்நாயகியுடையது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வளையம் கட்ட நூல் எடுத்துக் கொடுத்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தூண்டில் கயிற்றை எங்கள் பக்கம் நரம்பு என்போம். புதுச்சேரிக்குப் போய் மூன்று கனத்தில் வாங்கி வந்தேன். இருபதாம் நம்பர், முப்பது, நாற்பது. கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். இருபது, இரண்டு படி அரிசியைத் தாங்கியது. மூன்றாவது படியில் அறுந்து, வீடெல்லாம் அரிசி. நாற்பதைக் கட்டினால் நானே தொங்கலாம்; ஆனால் அந்தக் கனம் தண்ணீரில் மீனின் கண்ணுக்குத் தெரியும். முப்பதில் அம்மிக் குழவியைக் கட்டினேன். ஆடிக்கொண்டு நின்றது.

தையல்நாயகி அடுப்படியிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கொழவி இன்னா குத்தம் பண்ணிச்சி? தூக்குல போட்டிருக்கீங்க?"

பத்து மாதத்தில் அவள் செய்த முதல் கேலி. மனசில் எண்ணி வைத்துக்கொண்டேன்: ஒன்று. அந்த நேரம் பார்த்து முடிச்சு அவிழ்ந்து, குழவி என் கால் பெருவிரலுக்கு ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது. நரம்பு அறுந்துபோகவில்லை, முடிச்சுதான் நழுவியது. எச்சிலால் நனைத்து இறுக்க வேண்டுமாம். யூசுப் அலி பிறகு சொன்னார்.

முப்பதாம் நம்பர் என்று முடிவாயிற்று. அதை ரீலில் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நரம்புச் சுருளைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தளர்ந்தால் சிக்கல் விழும். வாசலின் ஒரு கோடியில் தையல்நாயகி, மறு கோடியில் நான். சுருளைக் கோத்துப் பிடிக்க அவள் ஒரு பென்சில் கொண்டு வந்தாள். நுனியில் பல் பட்ட பென்சில். யாருடைய பல் என்று இருவருக்கும் தெரியும். நான் சுற்றினேன். பென்சில் அவள் விரலில் சுழன்றது. நடுவில் நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் விறைத்து நின்றது. நூற்றுத் தொண்ணூறு சுற்று. இடையில் எங்கேயோ ஒரு இருபது சுற்று எண்ணத் தவறிவிட்டேன். கண் சரியில்லை.

புரட்டாசியில் வீட்டுக்குள் மீன் வராது. அது எனக்கு வசதி. தூண்டில் முள் இல்லாமல், ஈயக் குண்டை மட்டும் கட்டிக் கொல்லையில் வீசிப் பழகினேன். ஒன்பதாம் நாள் குண்டு சுவரைத் தாண்டிப் போய், சாரா பீவி காயப்போட்டிருந்த பாவாடையை அழகாகச் சுற்றிக்கொண்டது. கோலை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் கொல்லைப் பக்கம் போகவில்லை. பாவாடையைத் தையல்நாயகிதான் போய் விடுவித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் வெகு நேரம் சிரித்தது கேட்டது. இரண்டு என்று எண்ணி வைத்தேன்.

ஐப்பசி முதல் தேதி, பிடாகத்தில் பெண்ணையாறு நல்ல தண்ணீரோடு போனது. சைக்கிளில் கோலைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தையல்நாயகி கேப்பைக் களியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பிண்ணாக்கைப் பிசைந்து இரை உருட்டிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். பத்து நாள் போனேன். பிடித்த மீன் ஒன்றுமில்லை. கெளுத்தி இரையை உரித்துத் தின்றுவிட்டு முள்ளைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் ஆடும் தூண்டில் மிதப்பையே பார்த்தால் உள்ளே இருக்கிற சத்தம் குறைகிறது. யாரும் இல்லாத இடம். மகள் பேரை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு பல தரம். அழுதேன் என்றும் எழுத வேண்டும். அழுதபின் வெயிலில் பசித்தது.

வீடு திரும்பினால் தையல்நாயகி மீன் கூடையைத் திறக்க மாட்டாள். தூக்கைத் திறந்துதான் பார்ப்பாள். மீன் வராது என்று அவ்வளவு நிச்சயமா என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

படையலன்று விடிந்ததும் போனேன். பதினோராம் தடவை. கோல் நுனி ஒரு தரம் தலையாட்டியது. உடனே இழுக்காமல் ஐந்து எண்ணினேன். பிறகு சுண்டினேன். மூன்று கெளுத்தி, ஒரு கெண்டை. கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிக் கை தோள்வரை கடுத்தது. அந்தக் கையாலேயே சைக்கிளை அழுத்திக்கொண்டு வந்தேன்.

தையல்நாயகி கூடையை வாங்கிக்கொண்டாள். சட்டியை நிமிர்த்தினாள். கெளுத்தி ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. கெண்டை தலை வால் சேர்த்து ஆறு. மொத்தம் பன்னிரண்டு. படைத்ததை யூசுப் அலி வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்பதால், அவர்களுக்கு முன்னதாகவே தனிக் கிண்ணத்தில் இரண்டு எடுத்து வைத்தாள். இலையில் இரண்டு துண்டு படைத்தாள். கற்பூரம் காட்டினோம். காக்கைக்கு இலையிலிருந்து ஒரு கிள்ளு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"தையலு, படைச்சத வேணான்னு சொல்லக் கூடாது. ஒனக்குத் தெரியும்."

"தெரியுங்க," என்றாள். படையல் இலையை இரண்டு கையாலும் தூக்கி வந்து என் முன்னால் போட்டாள். "சாப்புடுங்க."

"நான் ஒனக்குச் சொன்னேன்."

"நான் ஒங்களுக்குச் சொல்றேன். நீங்கதான பெத்தவரு. வேணான்னு சொல்லப் போறீங்களா?"

ஆறு பேர் இருக்கிற இடத்தில் என்னால் எதிர்த்துப் பேச முடியாது. பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சாரா பீவி, எண்ணாமல் பேசுகிறவர், தையல் அக்கா ஆடி மாசமே எங்கள் வீட்டுக்கு வந்து, மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், உங்கள் வீட்டுத் தூண்டிலைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டதைச் சொல்லிவிட்டார். யூசுப் அலி தன் இலையையே உற்றுப் பார்த்தார்.

"அப்ப காசு குடுத்து வாங்கக் கூடாதுன்னது?" என்றேன்.

"வாங்கலாம்னு சொல்லியிருந்தா, மார்க்கெட்டுக்குப் போய்க்கினு வந்து திரும்பவும் அதே சேர்ல ஒக்காந்திருப்பீங்க," என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "என் கவளத்த நீங்க எண்ணிக்கினு இருந்தீங்க. ஒங்களுத யாரு எண்ணனது? ஏழு. ஒரு வருஷமா வேளைக்கு ஏழு. ஆத்தாங்கரைக்குப் போனப்புறந்தான் தூக்கு காலியாச்சி."

என் சட்டைகளை அவள் இரண்டு தரம் பிடித்துத் தைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணி சுருங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

கெளுத்தித் துண்டை எடுத்தேன். மகள் தலையிலிருந்து ஆரம்பிப்பாள். நான் வாலிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் என்னைப் பார்க்காமல் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"முள்ளு பாத்து," என்றாள் தையல்நாயகி. கண்ணில் வந்ததற்குக் காரம் அதிகம் என்றேன். ஆமாம், அதிகம்தான் என்று அஞ்சம்மாள் சொன்னாள். குழம்பில் காரமே இல்லை.

அந்த இரண்டும் தீர்ந்ததும் தையல்நாயகி மூன்றாவது ஒன்று வைத்தாள். அதையும் தின்றேன். அஞ்சம்மாளும் பச்சைமுத்துவும் ஆளுக்கு இரண்டு. நீயும் உட்கார் என்று மூன்று தரம் சொன்னேன். எல்லாரும் சாப்பிட்டதைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டாள். யாருக்காக மூன்று மாதம் மூங்கில் வளைத்தேனோ, அவள் ஒரு துண்டு தொடவில்லை.

நாலு மணிக்கு விருந்தாளிகள் போனார்கள். பச்சைமுத்துவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். தையல்நாயகி கொல்லையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை கழுவிக்கொண்டிருந்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். நான் அடுப்படிக்குப் போய் மீன் சட்டியைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்கு இரண்டு, எனக்கு மூன்று, திண்டிவனத்தாருக்கு நான்கு. பன்னிரண்டில் ஒன்பது போனால் மூன்று இருக்க வேண்டும்.

"இன்னா எண்ணிக்கினு இருக்கீங்க?" என்று கொல்லையிலிருந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். சத்தம் வராமல் மூடினேன்.

மீதி இரண்டு.