டிசைனும் நான்கு மூலை மஞ்சளும்

செங்கல்பட்டு வட்டாரத்தில், கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவிவிட்டார்கள் என்று பெண் வீட்டாரோடு சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் டிசைனுதான். அவருக்கு முன்னால் யாரும் போனதில்லை. இனிமேல் போகப் போகிறவர் இன்னும் பிறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

டிசைனு என்பது பெயர் இல்லை, தொழில். தொண்ணூறுகளின் கடைசியில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு மாடியில் இருந்த டிடிபி சென்டரில் அவர் டிசைன் போடுவார். நான் தமிழ் டைப் அடிப்பேன். கீழே டீக்கடையில் தொடங்கி முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் டிசைனுதான்.

கடை திறப்பது பத்து மணிக்கு. அவருடைய நாள் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். மொபெட்டை எடுத்துக்கொண்டு கொளவாய் ஏரியை ஒரு சுற்று சுற்றுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம், திருவிடந்தை, சீசனில் வேடந்தாங்கல். திரும்பி வரும்போது சட்டைப் பை நிறைய இலை, இறகு, கிளிஞ்சல், அறுந்த வலைத்துண்டு. அப்போது எங்களிடம் கேமரா கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஸ்கேனர் கண்ணாடியில் படுக்கவைத்து மூடிவிடுவார். அந்த ஸ்கேனரில் காகிதம் படுத்ததைவிடப் பூவரச இலை படுத்த நாள்தான் அதிகம்.

ஒரு திங்கட்கிழமை, மாமல்லபுரத்தில் பொறுக்கிய நண்டு ஓடு ஒன்றை வைத்து மூடினார். ஓட்டுக்குள் நண்டு இருந்தது. ஸ்கேனர் விளக்கு நகர, நண்டும் கூடவே நகர்ந்தது. திரையில் வந்த படத்தில் நண்டுக்குக் கால் ஒவ்வொன்றும் தென்னங்கீற்று நீளம். நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். நண்டு முதலாளியின் மேஜைக்கு அடியில் போய்விட்டது. டிசைனு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஒரு காதுகுத்துப் பத்திரிகையைச் சுற்றிலும் பார்டராகப் போனது அந்தக் கால்கள்தான். வாங்கிக்கொண்டு போனவர்கள் மயில் தோகை நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள்.

"யோவ் டிசைனு, கண்ணாடில கீறல் வுழுந்துச்சின்னா அடுத்து உன் மூஞ்சத்தான் வெச்சி ஸ்கேன் பண்ணுவேன்" என்றார் முதலாளி. டிசைனு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். எந்தப் பக்கம் நன்றாக வரும் என்று யோசித்திருப்பார்.

போர்வெல் கடைக்காரர் ஒருவர் விசிட்டிங் கார்டு கேட்டார். மாமல்லபுரத்துச் சிற்பிகளின் பட்டறை வாசலில் பறக்கும் கல் தூசியின் நிறம்தான் இதற்குச் சரி என்று, ஒரு பொட்டலம் தூசி அள்ளி வந்து மூன்று நாள் நிறம் சேர்த்தார். கார்டு பிரமாதமாக வந்தது. போர்வெல்காரர் கையில் வாங்கி, துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "இன்னாபா, எல்லாம் தூசா கீது?" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை டிசைனு தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

மஞ்சள் சண்டைக்கு வருகிறேன். கருங்குழியில் ஒரு ரைஸ்மில்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டிருந்தார். டிசைனு நான்கு மூலைக்கும் நான்கு மயில் போட்டார். ஒரு மயிலுக்கு ஒரு நாள். அச்சாகி வந்ததும் மில்காரர் வீட்டில், எல்லார் வீட்டிலும் செய்வதைப் போல, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி ஊருக்குக் கொடுத்தார்கள். எங்கள் முதலாளிக்கும் ஒன்று வந்தது. அதைப் பார்த்த டிசைனு அப்படியே மொபெட்டை எடுத்தார்.

"மயிலு கண்ணுல மஞ்சள அப்பி வெச்சிக்கிறீங்களே, நாயமாங்க?"

"மயிலு இன்னா எனக்கு சம்மந்தியா? போய்யா."

அங்கே நடந்தது இவ்வளவுதான். ஆனால் டிசைனு அடுத்த ஆறு மாதம் வேறு ஆளாக இருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர்கள் வீட்டுக்கு வந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு மூலையிலும் ஸ்கேல் வைத்து மஞ்சளை அளந்தார். முதல் மூலையில் மஞ்சள் கனமாக விழுகிறது, நாலாவது மூலைக்கு வருவதற்குள் விரல் காய்ந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேடந்தாங்கலில் மடையானைப் பார்த்துவிட்டு வந்தார். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தால் சேறு நிறத்தில் இருக்கும் கொக்கு அது. எழுந்து பறந்தால் வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். "வெள்ளைய உள்ள ஒளிச்சி வெச்சிகினு கம்முனு குந்தினு கீது தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் தெரியும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அப்போதுதான். மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் வேலை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தது. வந்துபோன வரன்களில் என் பேசாத சுபாவத்தைக் குறையாகச் சொல்லாத முதல் வீடு. பத்திரிகை தன் பொறுப்பு என்று டிசைனு சொல்லிவிட்டார். நான் மேட்டரை மட்டும் அடித்துக் கொடுத்தேன். டிசைனை எனக்குக் காட்டவில்லை. அவரே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனார்.

அப்பா பிரஸ்ஸிலிருந்து இரண்டு கட்டு வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை மாப்பிள்ளை வீட்டில் கொடுக்கப் போனார். வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவிக்கொள்ளலாம் என்று அம்மா எங்கள் கட்டைப் பிரிக்கவே இல்லை. மாலையில் திரும்பி வந்த அப்பாவின் முகம் செத்திருந்தது. அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்தால், நான்கு மூலையிலும் இலை இருக்கிறது, காம்பு இருக்கிறது, நுனியில் ஒரு புள்ளி இருக்கிறது, பூ இல்லை. பூ இல்லாத காம்பைப் போட்டா ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள்? என் மாமியாராக வரவேண்டியவர் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊரிலிருந்து அண்ணன் வரட்டும், பிறகு மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டாராம்.

காலையில் கடைக்குப் போனேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். அதனால் கம்ப்யூட்டரில் அடித்தேன்: 'பூ எங்கே என்று கேட்டுக் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள்.' டிசைனு எட்டிப் பார்த்தார். "இந்த எழுத்து வாணாம் தங்கச்சி, ரொம்ப கனமா கீது" என்றார். பிறகுதான் படித்தார்.

அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. முன்பே சொல்லியிருந்தால் ருசி போய்விடும், தடவும்போது அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். எதைக் கண்டுபிடிக்க என்று கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார். கருங்குழி எனக்கு ஞாபகம் வந்தது. தனியாக விட்டால் மாமியாரிடமும் சண்டை போடுவார் என்று பயந்து, அவரைக் கீழே டீக்கடையில் நிறுத்திவைத்து, அப்பாவை வரவழைத்து, மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டுக்குப் போவது முறை இல்லைதான்.

குவார்ட்டர்ஸில் உட்கார்ந்ததும் டிசைனு மடையானில் ஆரம்பித்தார். சேறு நிறம், வெள்ளை, ஏரிக்கரை. அடுத்து திருவிடந்தையில் ஒரு பகல் முழுக்கப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பூவை அளந்த கதை. என் மாமியாராகப் போகிற அத்தையின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"கொக்குக்கும் எம் மவன் கல்யாணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? காம்பு மொட்டையா நிக்கி. பூவ எங்க?"

டிசைனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நின்றதால்தானோ என்னவோ, எனக்கு வந்தது.

"அத்தை, மஞ்சள் இருக்குதா?"

நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் எழுந்துபோய், சாமி அலமாரியிலிருந்து மஞ்சளை எடுத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கவிழ்த்து வைத்திருந்த பத்திரிகையை நான் திருப்பி, முதல் மூலையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். இலைகளுக்கு நடுவில், அந்தக் காம்பின்மேல், பூவரசம்பூ ஒன்று பூத்தது. நடுவில் டிசைனு முன்பே அச்சடித்து வைத்திருந்த கருஞ்சிவப்புப் புள்ளி மஞ்சளுக்கு அடியிலிருந்து தெரிந்தது.

அத்தை என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். இரண்டாவது மூலையில் அவர் விரல். மூன்றாவதில் அவர் விரல். பத்தாவது பத்திரிகைக்குப் போகும்போது டிசைனுக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் கம்மியா வெச்சா இதழு நல்லா வரும்மா."

"நீரு சும்மா கெடயும். எம் மருமவளுக்கு நான் பூ வைக்கேன்."

திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. கட்டு தீரும்வரை அத்தை வேறு யாரையும் தொடவிடவில்லை. எங்களுக்கு வடையும் காபியும் வந்தன. எனக்கு மட்டும் வடை ஒன்று அதிகமாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். பத்திரிகையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் அவர் படிப்பு இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் நான் எதையும் அடிக்கவில்லை; பத்தாவதுக்குமேல் அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே, மாப்பிள்ளையின் படிப்பு இருந்த அதே அளவு எழுத்தில், 'தட்டச்சுக் கலைஞர்' என்று இருந்தது.

முன் சீட்டில் இருந்த டிசைனிடம் அந்த இடத்தை விரலால் காட்டினேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லா எடத்தையும் காலியா வுட முடியாது தங்கச்சி."

செங்கல்பட்டு வந்து சேரும்வரை நான் என் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தேன்.