மூன்றாம் வகுப்பு மேச்சேரியார்

மூன்றாம் வகுப்பில் பதினெட்டு வருஷம் படித்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் ஃபெயிலானவர் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர். மேச்சேரிப் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, சேலத்தில் தாம் வாத்தியார் பயிற்சி பெற்ற பள்ளிக்கு வருவார். வந்தவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஜரிகைத் தலைப்பாகை. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொடும். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் மேச்சேரியார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சிப் பள்ளியை ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது. வாத்தியார் ஆகப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்திப் பழகவேண்டும். ஒரே பாடத்தை வருஷா வருஷம் இருபது பேர் நடத்தினால் என்ன ஆகும்? பிள்ளைகள் எங்களைவிடத் தேர்ந்துவிட்டார்கள். "குழந்தைகளே, நாலு கால்..." என்று இழுக்கும்போதே "ஆடு சார்" என்று முடித்து வைப்பார்கள். மறந்துபோய் விழித்தால், முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், இப்பப் படத்தை மாட்டணும்" என்று மெதுவாக எடுத்துக் கொடுக்கும்.

மேச்சேரியாரும் இவர்களை வைத்து முதல் தரத்தில் தேறியவர்தான். ஆட்டுப் பாடத்துக்கு அவர் வாங்கிய மார்க்கை அப்புறம் ஒருவரும் தொடவில்லையாம். அந்தத் தெம்போடு முதல் வேலைக்குப் போனார். போன இடம் ஆடு வளர்ப்பவர்கள் ஊர். சீமையில் அச்சடித்த படத்தை மாட்டினார். புசுபுசுவென்று கம்பளி, சுருண்ட கொம்பு. "இது என்ன?" என்றார். வகுப்பே கழுத்தை நீட்டிப் பார்த்தது. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, "ஏனுங் சார், இது எந்த ஊரு நாயிங்க?" என்றாளாம். அந்த ஊர்ச் செம்மறிக்குக் கம்பளியும் கிடையாது, கொம்பும் கிடையாது.

"பொய்யாப் பாஸ் பண்ணிப்புட்டேன் சாமி," என்று அவரே சொல்வார். "எனக்குச் சொல்லிக் குடுத்த எடத்துக்கு நான் பதிலுக்கு என்னத்தைங்க குடுக்கறது? ஒரு நெசமான புள்ளையக் குடுக்கறேன்."

அந்த நிசமான பிள்ளை அவர்தான். வகுப்பு வாத்தியாரும் இதற்கு உடந்தை. ஆஜர் எடுத்து முடிக்கும்போது கடைசியாக "மேச்சேரி" என்பார். "உள்ளேன் ஐயா" என்று ஜன்னல் அதிரும். அதன் பிறகு பாடம் நடத்துகிறவன் பாடு திண்டாட்டம். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்பார், குறட்டை விடுவார், பக்கத்துப் பையன் சிலேட்டை ஒளித்து வைப்பார். பூமி சுற்றுகிறது என்று நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவர் நடத்தினார். "அப்ப மேட்டூர் டேமுத் தண்ணி கொட்டாம எப்படீங்க நிக்குது?" என்றார் மேச்சேரியார். நடத்தியவர் அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டார். பஸ் வரைக்கும் ஓடிப்போய் அவரைச் சமாதானம் செய்து கூட்டி வந்ததும் மேச்சேரியார்தான்.

என் கதைக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் முன்னால் நடத்திக் காட்டவேண்டிய பரிட்சைப் பாடத்தில் நான் ஒரு தடவை நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றவன். இரண்டாவது தடவையும் கோட்டை விட்டால் வாத்தியார் வேலை கனவுதான். இளம்பிள்ளையில் அப்பாவின் தறிக்குழி காத்திருந்தது. தறியில் என் திறமை எப்படியென்றால், நான் நெய்த சேலையைப் பெற்ற தாயே கட்ட மறுத்துவிட்டாள். எனக்கு விழுந்த பாடம் ஆடு. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் பார்த்தால், கடைசி பெஞ்சில் தலைப்பாகை.

"ஐயா, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினேன்.

"நான் எதுக்குங்க பேசறேன்? நீங்க நடத்துங்க சாமி."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் மீசையைப் பார்த்துவிட்டார். "யாரய்யா நீர்?"

மேச்சேரியார் எழுந்து கைகட்டினார். "மூணாங்கிளாசுங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு ஆச்சுங்க. வெளங்கற வரைக்கும் போறதில்லைன்னு இருக்கறனுங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை மாட்டினேன். "ஆடு சார்" என்றது வகுப்பு. அப்பாடா என்று அடுத்த வரிக்குப் போவதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"ஏனுங் சார், இது எந்த ஊரு ஆடுங்க?"

என் பாடக் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. நாக்கு மறுபடி ஒட்டப் பார்த்தது. பொய் சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை, உண்மைதான் வந்தது. "எனக்கும் தெரியாது சாமி. இந்த மாதிரி ஆட்டை நானும் கண்டதில்லை. உங்க ஊரு ஆட்டைக் கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க."

அவர் வந்து வரைந்தார். தலையணைக்குக் கால் முளைத்தது போல ஒன்று வந்தது. மனப்பாடப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் மனப்பாடத்தை மறந்தார்கள். காது அப்படி இருக்காது என்றான் ஒருவன். வால் நீளம் என்றாள் ஒருத்தி. எங்கள் வீட்டு ஆட்டுக்குக் கொம்பு உண்டு என்றான் இன்னொருவன். அது வெள்ளாடுடா என்று மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். திடீரென்று என் தோளை ஒரு கை விலக்கியது. "தள்ளுங்கய்யா, எங்க தாத்தா ஆட்டுப் பட்டி போட்டவர்," என்று இன்ஸ்பெக்டரே சாக்குக்கட்டியைப் பிடுங்கிக் கால் வரைய ஆரம்பித்துவிட்டார். மணி அடித்தபோது என் பாடக் குறிப்பு இரண்டாவது வரியிலேயே நின்றிருந்தது.

கோட்டெல்லாம் சாக்குப் பொடியோடு இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பு இது: "பாடக் குறிப்பின்படி நடத்தவில்லை. பிள்ளைகள் பேசினார்கள். தேறினார்."

வெளியே ஓடிவந்து மேச்சேரியார் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. "பேசமாட்டேன்னீங்களே," என்றேன்.

"பேசலீங்களே சாமி. சந்தேகந்தானுங்க கேட்டேன்."

பிறகு ஏழு வருஷம் கழித்து, ராசிபுரத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, அவர் காலமான செய்தி வந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் வழக்கமாக வரும் பரிட்சை வாரம் வந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே ஒரு புது ஆள் அதே ஆட்டுப் படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு வாத்தியார் ஆஜர் எடுத்துக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில் "மேச்சேரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. விறுவிறுவென்று போய், முழங்காலை மடக்கி அவர் இடத்தில் உட்கார்ந்து, "உள்ளேன் ஐயா" என்றேன்.