மூணு கோல்

இனிமே இந்தக் கால்பந்து அணிக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பதினோரு தடிமாடுங்க, முதல் சுத்துலயே மூட்டையைக் கட்டிட்டானுங்க. கடைசி நிமிஷத்துல கோல்கீப்பர் பந்தைத் தன் காலிடுக்கு வழியா மரியாதையா உள்ளே அனுப்பி வச்சான். ரிமோட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். சுவத்துக்கு ஒண்ணும் ஆகலை.

ஆனா அவனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? உண்மையான குற்றவாளி என் மனைவி. நாம முதல் கோல் போட்டப்ப அவ சமையலறை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. "அசையாதே"ன்னு சொன்னேன். கோல் விழுந்தப்ப யார் எங்கே இருந்தாங்களோ, ஆட்டம் முடியற வரைக்கும் அங்கேயே இருக்கணும். எங்க வீட்டுச் சட்டம் அது. அவ அசைஞ்சுட்டா.

"பால் பொங்கிடுச்சுங்க."

"பால் பொங்கினா துடைச்சுக்கலாம். நாடு தோத்தா துடைக்க முடியுமா?"

"எதையுமே துடைக்கப் போறது நீங்க இல்லையே. சரி, இனி என்ன பண்ணணும்கிறீங்க?"

"அணியைக் கூண்டோட மாத்தணும். வருஷக்கணக்கா ஒரே இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கறவனை முதல்ல தூக்கணும். தயவு தாட்சண்யமே கூடாது."

"நீங்க அந்த சோபாவுல எத்தனை வருஷமா உட்கார்றீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"அதுலேர்ந்து ஒரு கோப்பையாவது வந்திருக்கா?"

சோபாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவ வீட்டுலயே துணி தைக்கிறவ. தையல் மெஷின் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல இருட்டு மூலையில கிடந்தது. ஜன்னலோர வெளிச்சம் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தா. அங்கே என் சோபா. உயிரே போனாலும் நகர்த்த மாட்டேன்னு சொல்லி வச்சிருந்தேன். மறுநாள் காலையில என் கையாலயே நகர்த்தி, அங்கே மெஷினைப் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புதுப் பயிற்சியாளரோட முதல் ஆட்டம். அணி முழுக்கச் சின்னப் பசங்க. "உங்களையும் புது இடத்துல போட்டுப் பார்ப்போம்"னு என்னைப் பாத்திரத் தொட்டி முன்னால நிறுத்தினா. சும்மா நிக்க வேண்டாமேன்னு பாத்திரம் தேய்க்கிற நாரையும் கையில குடுத்தா. ஹால் பக்கம் தலையை நீட்டக் கூடாதாம். நான் பார்த்த ஆட்டமெல்லாம் தோல்விதானாம். அது நிஜம்ங்கறதுதான் இன்னும் எரிச்சல்.

மெஷின் ஓடற சத்தத்துல டிவி சத்தம் காதுல விழலை. பழைய கோல்கீப்பர் மூஞ்சியை நினைச்சுக்கிட்டே தேய்ச்சேன். தட்டெல்லாம் முடிஞ்சுது. "ஒரு கோல்"னு குரல் வந்தது. குக்கர் முடிஞ்சுது. "ரெண்டு." அன்னிக்குப் பால் கருகின பாத்திரம் இன்னும் ஊறிக்கிட்டிருந்தது. அதையும் சுரண்டி எடுத்தேன்.

"மூணு. அசையாதீங்க."

இந்த அணி மூணு கோல் போட்டு நான் பார்த்ததே இல்லை. கண்ணு கலங்கிடுச்சு. பரண்ல கிடந்த அண்டாவையும் நானே இறக்கினேன்.

பக்கத்து வீட்டு வக்கீல் சமையலறை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்.

"மூணு கோல், பார்த்தீங்களா சார்?"ன்னேன்.

"எந்த ஆட்டத்துல? அங்கே மழை கொட்டி மைதானத்துல முழங்கால் தண்ணி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வச்சுட்டாங்களே."

நாரை வீசிட்டு ஹாலுக்குப் பாய்ஞ்சேன். டிவி அணைஞ்சு கிடந்தது. என் மனைவி ஜன்னலோரத்துல உட்கார்ந்து ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தா.

"ஆட்டமே நடக்கலையாமே?"

அவ தலை நிமிரலை. "நீங்க அங்கே நின்னதாலதான் இன்னிக்கு நாம தோக்கலை. அடுத்த ஞாயிறும் அங்கேயே நில்லுங்க."